மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் ஜமைக்கா அம்மாவும்

அந்த வாரம் என் இடது முழங்கால் வீங்கியிருந்தது. முப்பது வருடம் சிமென்ட் தரையில் நின்று வேலை பார்த்தவனுக்கு அது புதிய செய்தி இல்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது ஒரு முறை வலிக்கும், ஷூ மாட்டும்போது ஒரு முறை வலிக்கும். கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை அதை நினைக்க நேரம் இருக்காது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அப்போதும் குடியிருந்தேன், இப்போதும் அங்கேதான். வண்டிகளின் பிரேக்குக்கு வேண்டிய தகடுகளை வெட்டிச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். எங்கள் சரக்கில் பாதி இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக்குப் போனது. அங்கிருந்து தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு ஒருவர் வருகிறார், வியாழனிலிருந்து திங்கள் வரை கூடவே இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, அத்தனை நாளும் நிற்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏன் சார், நானா? இங்கிலீஷ் நல்லா பேசற பசங்க இருக்காங்களே."

"பசங்க பேசிக்கினே இருப்பாங்க. நீங்கன்னா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வீங்க. நமக்கு அதான் வேணும். ஆயித்து, போங்க" என்றார். அவர் மண்டியா பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். பேச்சை முடிக்கும்போது மட்டும் கன்னடம் வந்துவிடும்.

டை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரை எதிர்பார்த்து மேனேஜரும் நானும் ஹோட்டல் வரவேற்பறையில் நின்றோம். லிஃப்டிலிருந்து இறங்கி வந்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அறுபது வயது இருக்கும். நரைத்த முடியை மெல்லிய சடைகளாகப் பின்னி, எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னால் ஒரு துணியால் கட்டியிருந்தார். மேனேஜர் மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "இங்கிலாந்துன்னாங்க, ஆப்பிரிக்கா அம்மாவ அனுப்பிட்டாங்களே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

காரில் ஏறியதும் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "உங்கள் மேனேஜர் என்ன சொன்னார்?"

"உங்களை வரவேற்கிறார்" என்றேன்.

"அந்த மாதிரி வரவேற்பு எனக்குப் பழக்கம்தான்" என்றார். கோபமில்லை. பல வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். பிறகு குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்தினார். விமானத்தில் உட்கார்ந்து வந்ததில் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். எங்களுக்குள் முதலில் உண்டான உறவு அதுதான்.

பிறந்தது கரீபியத் தீவான ஜமைக்காவில் என்று காரிலேயே சொன்னார், அதிலிருந்து எனக்கு அவர் ஜமைக்கா அம்மா. நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என்னுடையது தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலம், அளவும் பழுதும் சொல்லத்தான் அதில் வார்த்தை உண்டு. அவர் அதைப் புரிந்துகொண்டு எனக்காக மெதுவாகப் பேசினார். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட தமிழில் இங்கே எழுதுகிறேன்.

பிரஸ் ஷாப்பில் வரிசையாக ஐந்து பவர் பிரஸ்கள். மேலேயிருந்து ஒரு இரும்புப் பாளம் இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மறுபடி மேலே போகும். ஐந்தும் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை செய்தவள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். என் ஊர் சிங்காரப்பேட்டை என்பதால் வந்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒப்பந்தத் தொழிலாளி, முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள்.

ஜமைக்கா அம்மா அந்த பிரஸ் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். காதில் வைத்திருந்த அடைப்பான்களைக் கழற்றினார். கையிலிருந்த அட்டையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். பிரஸ் அடிக்கும் இடத்தில் அவர் தட்டவில்லை, அதற்கு இடைப்பட்ட இடத்தில் தட்டினார். பத்துப் பதினைந்து அடி அப்படிப் போயிருக்கும். என் காதருகே குனிந்து, "இந்த மெஷின் ரெகே வாசிக்கிறது" என்று கத்தினார்.

ரெகே என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிப்பவன் நான். அந்தக் கீபோர்டில் தாள வகைகளுக்கு வரிசையாக பட்டன்கள் உண்டு. வால்ட்ஸ், மார்ச், டிஸ்கோ, கடைசியில் ரெகே. வாலிபர் கூட்டத்தில் கொஞ்சம் துள்ளலாக ஏதாவது கேட்டால் அதை அழுத்துவேன். அது ஒரு பட்டனின் பெயர் என்பதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை. அதை அவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "என் அப்பா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு அழுதிருப்பார்" என்றார்.

சிரித்து முடித்ததும் அவர் பார்வை பிரஸ்ஸின் முன்பக்கம் போனது. அங்கே இரண்டு பச்சை பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பாளம் இறங்கும். அப்போதுதான் கை உள்ளே மாட்டாது. ஆனால் ஒரு பட்டனை அழுத்தியபடியே இருக்குமாறு கம்பியால் கட்டிவிட்டால், ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டலாம். வேலை வேகமாக நடக்கும். மூன்றாம் நம்பரில் அப்படித்தான் இரண்டு வருடமாக ஓடியது. ஆடிட் வருகிறது என்று அன்று காலை சூப்பர்வைசர் கம்பியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டிருந்தார். இடது பட்டனைச் சுற்றி கம்பி உரசிய தடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"எப்போதும் இரண்டு கையால்தான் ஓட்டுகிறார்களா?" என்று கேட்டார்.

"எப்போதும்" என்றேன்.

அவர் அட்டையில் எதையோ எழுதிக்கொண்டார். ஊத்தங்கரைப் பெண் என்னைப் பார்க்கவேயில்லை. பழக்கமில்லாத இரண்டு கையால் அழுத்தி அழுத்தி அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போனோம். தகடுகளைச் சூளையில் வைத்துக் கடினமாக்கித் தரும் பட்டறை ஒன்று அங்கே இருந்தது, அதையும் அவர் பார்க்க வேண்டும். மாம்பழ சீசன். சூளகிரி தாண்டியதிலிருந்து லாரி லாரியாகக் காய் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்குத் தூக்கம் வந்தது. விருந்தாளியை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டேன்: "ரெகே என்றால் என்ன மேடம்?"

அவர் கரும்பிலிருந்து ஆரம்பித்தார்.

ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளை வைத்து அதை நடத்தினார்கள். அடிமைகளின் மேளத்தைக் கண்டு அவர்களுக்குப் பயம். ஒரு தோட்டத்தில் அடித்தால் அடுத்த தோட்டத்துக்குச் சேதி போய்விடும், எங்கேயாவது கலகம் வெடிக்கும். அதனால் பல இடங்களில் மேளத்தைத் தடுத்தார்கள். மேளம் மலைப்பக்கமும் சேரிப்பக்கமும் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது. அடிமை முறை ஒழிந்த பின்னும் அந்த மேளக்காரர்களுக்கு மரியாதை இல்லை. ஜெயிலிலிருந்து விடுதலையாகி ஒருவன் சேரிக்குத் திரும்பினால் அவனை வரவேற்க அவர்கள் அடிப்பார்கள். பெரிய மனிதர்கள் வீட்டுக் கதவு மூடியிருக்கும்.

"எங்கள் ஊரிலும் சாவுக்கு மேளம் வேண்டும். அடிக்கிறவர் வீட்டுக்குள் வரக் கூடாது" என்றேன்.

"ஆளை ஒதுக்கிவைப்பதற்கு யாரும் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது" என்றார் அவர்.

அந்த மேளத்தை ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டது. மலையில் குடிசை போட்டு, முடியை வெட்டாமல் சடையாக வளர்த்து, ஆப்பிரிக்காவே தங்கள் தாய்மண், எத்தியோப்பியாவே பைபிள் சொல்லும் புண்ணிய பூமியான சீயோன் என்று நம்பியவர்கள். ராஸ்தாஃபாரி என்று பெயர். மூன்று மேளம் வைத்திருப்பார்கள். பெரியது நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி போகும், நடுவில் உள்ளது அதை விடாமல் பிடித்திருக்கும், சின்னது பேசும். அவர்களை அடைத்துவைத்திருக்கும் உலகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பாபிலோன். எனக்குப் பாபிலோன் என்றால் யூதர்களைச் சிறைபிடித்துக்கொண்டுபோனதாக ஞாயிறு பள்ளியில் கேட்ட பழைய ஊர். அவர்களுக்கு அது தெருவில் வந்து நிற்கும் போலீஸ் ஜீப்.

"அவர்கள் தியானத்துக்குப் புகைப்பதற்கு என்ன பெயர் தெரியுமா? கஞ்சா. உங்கள் நாட்டு வார்த்தைதான். அடிமை முறை போன பிறகு தோட்ட வேலைக்கு இங்கேயிருந்து கப்பலில் கூட்டிப்போனார்களே, அவர்கள் கொண்டுவந்தது."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முழுப் பேச்சிலும் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். "சார், அந்தம்மா இன்னா கேக்குறாங்க? நம்மகிட்டலாம் அது இல்லன்னு சொல்லிடுங்க சார்" என்றார் பதறிப்போய். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஜமைக்கா அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "என் அம்மாவின் அம்மா அந்தக் கப்பலில் வந்தவர்களின் பேத்தி. கல்கத்தாவிலிருந்தா, மதராஸிலிருந்தா, தெரியாது. பெயர் எல்லாம் தோட்டத்தில் மாறிவிட்டது. தெருவில் அவளை 'கூலி' என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அது வசவு. பள்ளிக்கூடத்தில் என் முடியைப் பார்த்து என்னையும் ஒருத்தி அப்படிச் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தைக்கு உங்கள் மொழியில் என்ன அர்த்தம்?"

"ஒரு நாள் வேலை செய்தால் சாயங்காலம் கையில் கொடுப்பது. அவ்வளவுதான்."

"வசவு இல்லையா?"

"இல்லை. கூலி கொடுக்காமல் விட்டால்தான் சண்டை வரும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாம்பழ லாரி ஒன்று எங்களை உரசுவதுபோல் கடந்தது. "அவளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மலைக் கிராமத்தில் பிறந்து, கரும்பு வெட்டி, பிழைப்புக்குக் கிங்ஸ்டன் நகரத்துக்கு வந்தவர். அங்கே ஏழைகளுக்கு ரேடியோ வாங்க வசதியில்லை, பெரிய ஹோட்டலில் நடக்கும் கச்சேரிக்குள் நுழையவும் முடியாது. அதனால் பீரோ அளவு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு, தெருவையே ஆடவைத்தார்கள். அப்பா அந்தப் பெட்டிகளுக்கு மரம் அறுத்துக் கொடுத்தார், ஒரு சின்னக் குழுவில், கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டாரும் வாசித்தார். பிறகு கப்பலேறி இங்கிலாந்து போய் பர்மிங்காமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அவர் தம்பி ஊரிலிருந்து இசைத்தட்டுகளைத் தபாலில் அனுப்புவார். ஜமைக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் வந்த தட்டுகளில் எல்லாம் வேகம். ஸ்கா என்று அதற்குப் பெயர், ஓடிப்போய் ஆட வேண்டும். சில வருடம் கழித்து வந்த தட்டுகளில் வேகம் குறைந்திருந்தது. அப்பா தன் ரெக்கார்டு பிளேயரில்தான் கோளாறு என்று மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மறுபடி போட்டார். அதே மெதுவான பாட்டு.

"சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். 'இந்தக் கோடையில் வெயில் அதிகம், ஆடுகிறவர்கள் களைத்துப்போகிறார்கள், அதனால் மெதுவாக வாசிக்கிறார்கள்' என்று பதில் வந்தது. அது பாதி விளையாட்டுப் பேச்சு. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்களுக்கு வேலை இல்லை, தெருவில் துப்பாக்கிச் சண்டை. எங்கே ஓடுவது, எதற்கு ஓடுவது? அந்த மெதுவான பாட்டிலிருந்துதான் ரெகே வந்தது. மலை மேளமும், கிராமத்துப் பாட்டும், அமெரிக்க ரேடியோவும், சர்ச் பாட்டும் எல்லாம் அதில் கிடக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், அது களைத்தவர்கள் கண்டுபிடித்த இசை."

ஞாயிறு அவருக்கு ஓய்வு. எங்கள் சபைக்கு வரலாமா என்று அவரே கேட்டார். தகரக் கூரை போட்ட சின்ன ஹால். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் பின்வரிசைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார்கள், பாஸ்டரும் கண்டுகொள்ள மாட்டார். ஜமைக்கா அம்மா முதல் பாட்டு முடியும்வரை பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டுக்கு அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அந்தக் கடைசி பட்டனை அழுத்தினேன். நேராக எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அதை நிறுத்துங்கள். அது பொம்மை" என்றார். பட்டனை அணைத்தேன். "நான்கு எண்ணுங்கள். முதல் அடியைக் காலியாக விடுங்கள். யாரும் தொடக் கூடாது. இரண்டிலும் நான்கிலும் உங்கள் வலது கை, வெட்டி எடுத்த மாதிரி. மூன்றில் மேளம்." மேளத்துக்குக் கீபோர்டு ஸ்டாண்டின் மரத்தைத் தன் உள்ளங்கையால் அடித்தார்.

எனக்கு அது வரவில்லை. முதல் அடியில் கை தானாகவே விழுந்தது. முப்பது வருடம் எல்லாவற்றையும் முதல் அடியில் தொடங்கியே பழகிய கை. மூன்று நான்கு தரம் தப்பி, பிறகு திடீரென்று பிடிபட்டது. பாட்டு பாதி வேகத்துக்கு வந்தது. சபையார் கொஞ்சம் தடுமாறினார்கள், அப்புறம் அவர்களும் இழுத்துப் பாடினார்கள். பின்வரிசையில் தூங்கியவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு உடம்பில் எங்கும் வலி தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "பிரதர், ஆராதனை ஒரு மணிக்கு முடியணும்" என்றார்.

மதியம் வீட்டில் சாப்பாடு. என் மனைவி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். "காரம் சேருமான்னு கேளுங்க. பாவம், நமக்காவ சாப்ட்டுட்டு அப்பறம் அவங்க வயித்த புடிச்சிக்கினு உக்காரக் கூடாது" என்றாள். ஜமைக்கா அம்மா ஒரு வாய் சாப்பிட்டதும் கையை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். இதே குழம்பு அவர்கள் ஊரில் உண்டாம். இங்கேயிருந்து போனவர்கள் கற்றுக்கொடுத்தது. தெருவில் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போடும் இடத்தில் ஒரு மூலையில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்கும். அது இல்லாமல் ஆட்டம் இல்லை. நான் சொன்னதைக் கேட்ட என் மனைவி, "அப்ப நம்மாளுங்கதான் சமைச்சி குடுத்து ஆட வச்சிருக்காங்க" என்று சொல்லி இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவர், மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பா பர்மிங்காமில் வேலை செய்ததும் பிரஸ் ஷாப்பில்தான். அவர் பிரஸ்ஸிலும் கிளட்ச் தேய்ந்திருந்தது. பட்டனை அழுத்தினால் உடனே இறங்காது, கொஞ்சம் தயங்கி இறங்கும். சில சமயம் அழுத்தாமலே இன்னொரு தரம் இறங்கும். இடது கையில் இரண்டு விரல் போனது. கிட்டாரைச் சுவரில் மாட்டினார். அதற்கப்புறம் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் செய்தார். உங்கள் மூன்றாம் நம்பரிலும் முதல் அடி காலியாக இருக்கிறது. பாட்டில் அது அழகு. மெஷினில் அது பழுது."

நான் அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"அந்தக் கம்பியைப் பற்றி உங்களிடம் மறுபடி கேட்க மாட்டேன். கேட்டு நீங்கள் சொன்னால், சொன்னது நீங்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நான் பார்த்ததை மட்டும் எழுதுவேன்."

அவர் போன பிறகு என் மனைவி, "என்னாத்துக்கு மூஞ்சி தொங்குது?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

திங்கள் காலை முடிவுக் கூட்டம். நீள மேசையில் மேனேஜர், சூப்பர்வைசர், இன்னும் நான்கு பேர். ஜமைக்கா அம்மா தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் கிளட்ச் தேய்வு. இடது பட்டனில் கம்பி கட்டிய தடம். உடனே நிறுத்த வேண்டும்.

மேனேஜர் சிரித்தார். "மேடம், எங்களிடம் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. இதோ, நான்கு நாளாக உங்களோடு இருந்தாரே, முப்பது வருட சர்வீஸ், அவரையே கேளுங்கள்" என்று என்னைக் காட்டினார்.

ஜமைக்கா அம்மா கேட்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தமிழில், "சொல்லுங்கய்யா" என்றார்.

தைரியம் வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இன்னொரு தரம் பொய் சொல்லத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். "கட்டியிருந்தது உண்மை. இரண்டு வருடமாகக் கட்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில் கழற்றினோம்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. மேனேஜர் பேனாவை மூடினார். "ஆயித்து" என்றார்.

வாசலில் காரில் ஏறும் முன் ஜமைக்கா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதில்லை" என்றார். நன்றி சொல்கிறாரா, கண்டிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மூன்றாம் நம்பரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மூன்று மாதத்தில் இங்கிலாந்து ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனது. "பிரஸ்ஸைச் சரிசெய்யச் சொல்லித்தான் எழுதினேன், ஆர்டரை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்க வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு என் தாள் ஒரு சாக்காகிவிட்டது" என்று ஜமைக்கா அம்மா மெயில் அனுப்பினார். நான் நம்பினேன். ஒப்பந்தப் பெண்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள், ஊத்தங்கரைப் பெண்ணையும் சேர்த்து.

ஸ்டோரில் வேலை குறைவு. பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பட்டியல் போட்டு அனுப்பிய பாட்டுகளைப் போனில் கேட்பேன். முதலில் மலை மேளம், அப்புறம் கிராமத்துப் பாட்டு, அப்புறம் அந்த வேகம், அப்புறம் வேகம் குறைந்தது என்று அவர் சொன்ன வரிசையிலேயே கேட்டேன். வார்த்தைகள் எனக்குப் பாதி புரியாது. பசி என்று வரும், போலீஸ் என்று வரும், கடவுள் என்று வரும். இத்தனைக்கும் கீழே அந்த பேஸ் மட்டும் அவசரமே இல்லாமல் நடந்துபோகும். சில நாள் அது ஆறுதலாக இருந்தது. சில நாள் கேட்கவே பிடிக்கவில்லை. ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். ஜமைக்கா அம்மாவும் ஓய்வு பெற்றுவிட்டார். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன்.

போன மாதம் ஒரு சாவுக்கு சிங்காரப்பேட்டை போய்த் திரும்பும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அந்த ஊத்தங்கரைப் பெண்ணைப் பார்த்தேன். மாம்பழக் கூழ் எடுக்கும் கம்பெனியில் சீசன் வேலை. கை விரல்கள் எல்லாம் காய்ப்பாலில் கறுத்துப்போயிருந்தன. "நல்லா கீறீங்களாண்ணா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். பிள்ளைகள் படிப்பைப் பற்றிச் சொன்னாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "நீங்க உண்மைய சொன்னது தப்புன்னு நான் சொல்லலண்ணா. அந்த பிரஸ் ரெண்டு தரம் தானா எறங்கிச்சி, நான்தான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா சொல்றதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எங்க வேலதான போச்சி."

ஆமாம்மா என்றேன்.

"வுடுங்கண்ணா. இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது" என்றாள்.

ஊத்தங்கரை பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, கையை ஆட்டினாள். அடுத்த மாதம் சீசன் முடிந்ததும் என்ன செய்வாள் என்று கேட்க நினைத்திருந்தேன். பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது.